நேபாளமா, இலங்கை மலையகமா, உகாண்டாவா: பத்து நாள் மிஷன் பயணத்துக்கு எங்கே போவது?

எங்கள் சேகரத்து (சில சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) வாலிபர் சங்கத்தில் எட்டு பேர் சேர்ந்து பத்து நாள் வெளிநாட்டு மிஷன் பயணம் போவது என்று இந்த வருடம் தீர்மானம் ஆகிவிட்டது. கேரல் ரவுண்டில் கிடைத்தது, பழைய பேப்பர் எடுத்து விற்றது, கல்ஃபில் இருக்கிற நம்ம ஆட்கள் அனுப்பியது என்று கொஞ்சம் பணமும் கையில் இருக்கிறது. அழைப்பு மூன்று இடத்திலிருந்து வந்திருக்கிறது: நேபாளம், தேயிலைத் தோட்டத் தமிழர்கள் வாழ்கிற இலங்கை மலையகம், உகாண்டா. மூன்று கூட்டம் போட்டும் எந்த இடம் என்று முடிவாகவில்லை. ஒருவர் செலவைப் பார்க்கிறார், ஒருவர் "இயேசுவைக் கேள்விப்படாதவர்கள் எங்கே அதிகம்" என்று கேட்கிறார், சிலருக்கு விமானத்தில் தூரமாகப் போக வேண்டும் என்ற ஆசை, அதில் தப்பும் இல்லை. இதே குழப்பத்தில் நம்ம குமரி மாவட்டத்தில் வேறு சபைகளும் இருக்கும் என்பதால் நான் விசாரித்ததையும் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை, ஏனென்றால் என் முடிவு அதிலிருந்துதான் வருகிறது. நான் ஏழு வருடம் முன்னால் வேறொரு குழுவோடு நேபாளம் போனேன். பத்து நாளில் பல கிராமம், பாட்டு, நாடகம், பிரசங்கம், எல்லாவற்றையும் போட்டோ எடுத்தோம். திரும்பி வந்ததும் சபையில் சாட்சி சொன்னோம், எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து எங்களை நடத்திய போதகரிடம் பேசினபோதுதான் தெரிந்தது, நாங்கள் கிளம்பின பிறகு ஒரு கிராமத்தில் போலீஸ் வந்து, கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்திருக்கிறார்கள். நாங்கள் முகநூலில் போட்ட படங்களைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். அவர் எங்களைக் குறை சொல்லவே இல்லை. "பிரதர், அடுத்த தடவை படம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் ஊருக்கு வந்து மீன்கறியும் மரச்சீனியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், விலை கொடுத்தது அவர்கள்.

அதனால் மூன்று இடத்தையும் ஒப்பிடும்போது டிக்கெட் விலைக்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி, நாம் திரும்பி வந்த பிறகு அங்கே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பது. அதற்கு அடுத்தது, அவர்கள் நம்மிடம் எதைக் கேட்டார்கள் என்பது.

நேபாளத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். போவதற்கு இதுதான் சுலபம். நமக்கு விசா தேவையில்லை, பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அட்டையே போதும் (ஆதாரை வைத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள், 15 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் அது செல்லும்). திருவனந்தபுரத்திலிருந்து ராப்திசாகர் ரயிலில் கோரக்பூர் போய், அங்கிருந்து பஸ்ஸில் சோனௌலி எல்லையில் இறங்கி நடந்தே உள்ளே போகலாம். ஆனால் சட்டம் வேறு மாதிரி. 2015ஆம் வருட அரசியல் சாசனமே ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு ஐந்து வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்து ஏழு நாளுக்குள் நாடு கடத்தல். முயற்சி செய்தாலும், தூண்டினாலும் குற்றம்தான். "நாங்கள் யாரையும் மாற்றவில்லை, பாட்டுதான் பாடினோம்" என்று நாம் சொல்லிவிட்டு வந்துவிடலாம், பாடினதைக் கேட்டவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்.

அதோடு மொழி. நம்ம வாலிபர்களில் இந்தி தெரிந்தவர்கள் எத்தனை பேர்? நேபாளியை விடுங்கள். தமிழில் சொல்லி, ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லி, இன்னொருவர் நேபாளியில் சொல்லி, இருபது நிமிடச் செய்தி ஒரு மணி நேரம் ஆகி, கடைசியில் அவர்களுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. நேபாளத்து சபைகள் அவர்கள் சொந்த ஆட்களால் வளர்ந்தவை, பிரசங்கத்துக்கு அங்கே பஞ்சம் இல்லை. சனிக்கிழமைதான் அங்கே ஆராதனை, அன்றைக்குத்தான் விடுமுறை. இதுகூடத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைக்கு நிகழ்ச்சி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் நேபாளமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. எட்டு பேர் வேண்டாம், இரண்டு பேர் போகலாம். ஏற்கனவே இருக்கிற சபையில் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்க, கம்ப்யூட்டர் பழுது பார்க்க, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் தயாரிக்க, சத்தம் இல்லாமல் போய்ச் சத்தம் இல்லாமல் வரலாம். மலைப்பாதையில் ராத்திரி பஸ் மட்டும் ஏறாதீர்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை, மண்சரிவு, அந்தச் சமயத்தைத் தவிர்த்துவிடுங்கள். பெரிய இந்திய நோட்டு விஷயத்தில் விதி மாறி மாறி வந்திருப்பதால் போகுமுன் பேங்கில் கேளுங்கள், நூறு ரூபாய் நோட்டாகக் கொண்டுபோனால் சிக்கல் இல்லை. அப்புறம், அனாதை இல்லத்துக்குப் போய் ஒரு நாள் விளையாடிவிட்டு வருவது என்று நிகழ்ச்சியில் ஒரு வரி எப்போதும் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். நேபாளத்தில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். நம்மைப்போல வருகிறவர்கள் கொடுக்கிற பணத்துக்காகவே பிள்ளைகளை ஊரிலிருந்து கூட்டிவந்து வைத்திருக்கிற இடங்களும் உண்டு.

உகாண்டா பற்றி. எங்கள் கூட்டத்தில் அதிக ஆதரவு இதற்குத்தான். ஆங்கிலம் ஓடும், சபைகள் பெரியவை, ஜனங்கள் அன்பானவர்கள், போலீஸ் பயம் இல்லை. சாப்பாடும் பிரச்சினை இல்லை, கசாவா என்று அவர்கள் அவித்துத் தருவது நம்ம மரச்சீனியேதான். எனக்கும் போகப் பிடிக்கும். ஆனால் செலவு கண்ணைக் கட்டுகிறது. எங்களுக்குச் சொன்ன விலையில் உகாண்டா போக ஒருவருக்கு ஆகிற டிக்கெட் பணத்தில் கொழும்புக்கு ஏறக்குறைய மூன்று பேர் போய் வரலாம். கல்ஃபில் விமானம் மாறிப் போய்ச் சேரவும் திரும்பவும் சேர்த்து பத்து நாளில் மூன்று நாள் வழியிலேயே போய்விடும்.

உடம்பு விஷயத்தில் மூன்றிலும் அதிகத் தயாரிப்பு கேட்கிற இடம் இதுதான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும், ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் தனிமைப்படுத்தி வைப்பார்கள், அதனால் இது அவர்கள் கேட்பதற்காக மட்டும் அல்ல, நம்ம நாட்டுக்குள் திரும்பி வருவதற்கும்தான். மருந்துக்கடையில் போய் வாங்கிப் போடுகிற ஊசி அல்ல, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களில் மட்டும்தான் போடுவார்கள், முன்கூட்டியே நாள் கேட்டுக்கொண்டு போக வேண்டும். எட்டு பேர் நாகர்கோவிலிலிருந்து ஒரு ராத்திரி ரயிலில் போய் வருவதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், அறுபது தாண்டியவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை தனி. டாக்ஸிசைக்ளின் என்றால் போவதற்கு முன்பே ஆரம்பித்து, திரும்பி வந்து நாலு வாரம் வரை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். பலர் ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், தப்பு. வந்த பிறகு சில வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், அது சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் கிடக்காமல், ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று சொல்லுங்கள். அங்கே பரவலாக இருக்கிற மலேரியா ஆளைக் கொல்லும் வகை.

இன்னொன்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். எங்களுக்கு வந்த உகாண்டா அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. அழைத்த போதகர் உண்மையானவராகவே இருக்கலாம், ஆனால் அவரை நேரில் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. அவர் சபை எந்தத் திருச்சபையைச் சேர்ந்தது, அதன் பிஷப் அலுவலகமோ தலைமையோ இதை உறுதி செய்து கடிதம் தருமா என்று கேட்டிருக்கிறோம், பதில் வரட்டும். அதுவரை ஒரு ரூபாய் அனுப்ப வேண்டாம் என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். மெடிக்கல் கேம்ப் போடலாம் என்று நம்ம நர்ஸ் தங்கச்சிமார் ஆசைப்படுகிறார்கள். அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு இல்லாமல் நம்ம டாக்டரோ நர்ஸோ அங்கே வைத்தியம் பார்க்க முடியாது, பெட்டி நிறைய மாத்திரை கொண்டுபோகவும் அனுமதி வேண்டும். உகாண்டா என்றில்லை, மூன்று நாட்டுக்கும் இது பொருந்தும்.

"அவ்வளவு செலவு செய்து போவதைவிட அந்தக் காசை அப்படியே அனுப்பிவிடலாமே மக்கா" என்று கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார். அதை யாரும் தள்ளிவிடக் கூடாது, நியாயமான கேள்வி. உகாண்டாவைப் பொறுத்தவரை அவர் சொல்வதுதான் சரி என்றே நினைக்கிறேன், அழைப்பு உண்மை என்று உறுதியான பிறகு. ஆனால் சபை டிரஸ்ட் பணத்தை வெளிநாட்டில் செலவு செய்ய வருமான வரிச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு, ஆடிட்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். இது பயணச் செலவுக்கும் சேர்த்துத்தான்.

இனி மலையகம். எனக்கு மனசு போகிற இடம் இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு சுமார் ஒரு மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் ஹட்டனுக்கு நாலைந்து மணி நேரம். இறங்கினால் தமிழ். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், ஒரு பாட்டியம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கதையை அவள் சொல்ல நாம் கேட்கலாம். அதே பழைய திருப்புதல் வேதாகமம், அதே கீர்த்தனைகள். 1854லேயே திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் கண்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஊழியத்துக்குப் போயிருக்கிறார்கள், அப்படிப் பார்த்தால் நாம் புதுப் பாதை ஒன்றும் வெட்டப்போவதில்லை.

சுலபம் என்று நினைத்துவிடவும் கூடாது. இலங்கையில் மதமாற்றத் தடைச் சட்டம் இல்லை, 2004இல் ஒரு மசோதா வந்து சட்டமாகாமல் போனது. ஆனாலும் சுற்றுலா விசா சுற்றிப் பார்க்கத்தான். பிரசங்கம், பயிற்சி என்று போகிறவர்கள் அழைக்கிற சபை மூலமாக, கிறிஸ்தவ மத அலுவல்கள் திணைக்களத்தின் வழியாக, எந்த விசா, என்ன அனுமதி என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். "டூரிஸ்ட் என்று எழுதிவிடுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்" என்று சொல்கிற ஏஜெண்டுகள் நம்ம ஊரில் உண்டு. பாரத்தில் பொய் எழுதிவிட்டுப் போய் சத்தியத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. 2019 ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த நாடு அது, சபைகளில் பாதுகாப்பு விஷயத்தில் அவர்கள் சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்க வேண்டும். மே மாதப் பௌர்ணமி வெசாக், பௌத்தர்களுக்குப் பெரிய நாள், அன்றைக்கு ஸ்பீக்கர் கட்டி எந்த நிகழ்ச்சியும் வைக்காதீர்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் போகத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். மே கடைசியில் மழை பிடித்துவிடும், அதனால் நம்ம கோடை விடுமுறையில் போவதென்றால் மே முதல் பாதிதான் சரி. நுவரெலியா பக்கம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம், மே மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். அட்டைக்கடி பற்றி நம்ம மேற்கு மலைப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதையெல்லாம்விட என்னை மலையகத்தின் பக்கம் திருப்பியது அங்கிருந்து வந்த பதில்தான். மூன்று இடத்துக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன்: எட்டு பேர் பத்து நாள் வந்தால் உங்களுக்கு என்ன உதவி, என்ன கஷ்டம்? ஹட்டன் பக்கத்துப் போதகர் போன் பண்ணியே பேசினார். "தம்பி, பாட்டுப் பாடவும் பேசவும் எங்ககிட்ட ஆள் இருக்கு. கணக்குப் பாடம் சொல்லிக்குடுக்க ஆள் இருந்தா கூட்டிட்டு வாங்க, பிள்ளைங்க அதுலதான் விழுந்துடுறாங்க. எட்டு பேர் வேணாம், லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) இடம் இல்ல, அஞ்சு பேர் வாங்க. முடிஞ்சா அடுத்த வருஷமும் அதே அஞ்சு பேரே வாங்க" என்றார். மற்ற இரண்டு இடத்திலிருந்தும் "வாருங்கள், எல்லாம் ஏற்பாடு செய்கிறோம்" என்று மட்டும்தான் வந்தது. இன்னது வேண்டும், இவ்வளவு பேர் போதும், மறுபடியும் வாருங்கள் என்று சொல்கிற இடத்துக்கு நான் போவேன்.

நம்ம மாவட்டத்துக்கே மிஷனரி வந்த கதையும் அப்படித்தானே. மயிலாடிக்காரர் மகாராசன், பிறகு வேதமாணிக்கம் ஆனவர், தஞ்சாவூர் போய் சுவிசேஷம் கேட்டுவிட்டு வந்து, எங்கள் ஊருக்கு ஆள் வேண்டும் என்று கேட்டார். மிஷனரி ரிங்கல்தௌபே அதற்குப் பிறகுதான் வந்தார். அவரும் 1804இல் தரங்கம்பாடியில் இறங்கி முதலில் தமிழ் படித்தார், 1806இல்தான் திருவிதாங்கூருக்குள் கால் வைத்தார். கேட்டது நம்ம ஆள், வந்தவர் மொழி படித்துவிட்டு வந்தார். டாக்டர் சோமர்வெல் 1922இல் எவரெஸ்ட் ஏற வந்தவர், அது முடிந்து நாட்டைச் சுற்றிப் பார்க்கும்போது நம்ம மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியை எட்டிப் பார்த்தார். வரிசையில் காத்திருக்கிற நோயாளிகளையும் தனியாகத் திண்டாடுகிற டாக்டரையும் பார்த்தவர் திரும்பவும் வந்து பல வருடம் அங்கேயே வேலை செய்தார். குறுகிய பயணத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்களுக்கு நான் அவரைத்தான் சொல்வேன், ஆனால் திரும்பி வந்தாரே, அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

பாஸ்போர்ட் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் பயணங்கள் நின்றுபோகின்றன. நம்ம மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. போலீஸ் விசாரணை எப்போது முடியும் என்று சொல்ல முடியாது, அதனால் மூன்று மாதம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். நம்மிடம் இருக்கிற பெரிய தலைவலி இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஞானஸ்நானச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும், டிக்கெட்டிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் காலாவதி பாக்கி இருக்கட்டும். பதினெட்டு ஆகாதவர்களுக்கு அப்பா அம்மா இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும், அப்பா கல்ஃபில் இருக்கிற வீடுகளில் இதற்கே ஒரு மாதம் போய்விடும். பயணக் காப்பீடு எந்த நாடானாலும் எடுங்கள்.

எங்கள் சங்கத்தில் நான் சொன்னது இதுதான்: முதல் பயணம் மலையகம், ஐந்து பேர், அதில் இரண்டு பேராவது கணக்கு வாத்தியாராகவோ பி.எட் படிக்கிறவராகவோ இருக்க வேண்டும், மூன்று வருடம் தொடர்ந்து அதே தோட்டத்துக்கு. பிரசங்கம் அவர்கள் கேட்டால் மட்டும். போட்டோ அவர்கள் எடுத்து அனுப்பினால் மட்டும். ஒதுக்கப்பட்ட மூன்று பேருக்கு வருத்தம் இருக்கிறது, அதை எப்படிச் சரி செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒருவரை நேபாளத்துக்கு அனுப்பும் இரண்டு பேரில் சேர்க்கலாம், அவர் கம்ப்யூட்டர் படித்தவர்.

தயாரிப்பை எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு வந்தவர்களில் ஒரு கூட்டம் நம்ம கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில்தான் குடியேற்றப்பட்டார்கள். நாகர்கோவிலிலிருந்து ஒரு பஸ் தூரம். இத்தனை வருடமாக மிஷன் மிஷன் என்று பேசுகிற எங்களில் யாரும் அங்கே போய் அவர்களோடு உட்கார்ந்ததில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை ஐந்து பேரும் போனோம். லயம் என்றால் எப்படி இருக்கும், கொழுந்து பறிக்கிறவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், எந்த நேரத்தில் வீட்டுக்குப் போனால் தொந்தரவு, எந்த வார்த்தை அவர்களுக்கு வலிக்கும் என்று நாங்கள் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டிராததை எல்லாம் அங்கே கேட்டோம். கிளம்பும்போது ஒரு பாட்டி உள்ளே போய் ஒரு துண்டுப் பேப்பரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் நம்பர். "எங்க தங்கச்சிய அங்கதான் விட்டுட்டு வந்தோம், அவ மக்க யாராச்சும் இருக்காங்களான்னு பாத்துட்டு வாறியா ராசா" என்று கேட்டாள். பேப்பரை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். ஹட்டன் போதகருக்கு அந்தத் தோட்டம் எவ்வளவு தூரம் என்று கேட்டு நேற்று எழுதியிருக்கிறேன்.